எடுவிகிஸ் அம்மாளின் பதில்

சான் எவாரிஸ்தோ, கொரியந்தெஸ் மாகாணம்
6 ஏப்ரல் 2022

அன்புள்ள எலிசேயோ அத்தானுக்கு,

ஒக்தாவியோ எழுதுவது. நான் சுகம், இடது முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. உங்கள் சுகமும் இர்மா அக்காவின் சுகமும் அறிய வேண்டும். அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் பேசுவதை நான் கேட்கலாம், என்னைப் பேச விடமாட்டாள். உங்களுக்கோ இரண்டு காதும் கேட்காது. ஆகவே தபால்காரருக்கு வேலை கொடுக்கிறேன்.

பிரிட்டிஷ்காரன் ஃபாக்லாந்து என்று சொல்லும் மால்வினாஸ் தீவுப் போரின் நாற்பதாம் ஆண்டு நினைவு விழா சிறப்பாக நடந்தது. சிறப்பு என்றால் ஒலிபெருக்கி இரண்டு முறைதான் செத்தது. ஆற்றங்கரைச் சுவரில் போரில் மூழ்கிய நம் கப்பலை வரையச் சொல்லி நகராட்சி ஏற்பாடு செய்திருந்தது. திரையை விலக்கியதும் நாங்கள் எட்டுப் பழைய மாலுமிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுவரில் இருந்தது பிரிட்டிஷ்காரன் கப்பல். இணையத்தில் தேடியபோது ஓவியருக்கு முதலில் கிடைத்த படம் அதுதானாம். கொடியை மட்டும் நம்முடையதாக மாற்றியிருந்தார். நகரத் தலைவர் அதற்கு சல்யூட் அடித்தார். அவர் போருக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவர். குற்றம் சொல்ல முடியாது. கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்த ஹசிந்தோ மட்டும் மெதுவாக, "புடிச்சுட்டோம்னு வச்சுக்குவோம்டா" என்றான். அந்தப் போரில் நமக்குக் கிடைத்த ஒரே கப்பல்.

பிறகு இறந்தவர்களின் பெயர்களை நான் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "ஆஜர்" என்று குரல் கொடுத்தது. நிகனோர் பெயர் வந்தது. எல்லாரும் "ஆஜர்" என்றார்கள். முதல் வரிசையிலிருந்து அவன் அம்மா எடுவிகிஸ், வருஷம் தவறாமல் சொல்வதைச் சொன்னாள்: "இன்னும் வரலை."

இந்த முறை தொலைக்காட்சி நேரலை இருந்தது. நகரத் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அடுத்த வருஷம் அந்தம்மாவ மூணாவது வரிசையில உக்கார வைக்கலாமா சார்? மைக்குக்குக் கொஞ்சம் தூரமா."

"வைக்கலாம். இன்னும் சத்தமா சொல்லுவாங்க," என்றேன்.

எல்லாரும் உங்களைக் கேட்டார்கள். ஒரு முறையாவது வாருங்கள் அத்தான்.

அன்புடன்,
ஒக்தாவியோ


புன்தா அல்தா
21 ஏப்ரல் 2022

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். காற்றும் நலமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. முழங்காலுக்குச் சூடான உப்புத் தண்ணீர் வை.

சுவர் விஷயம் படித்துச் சிரித்தேன். கடற்படைத் தளத்தின் வாசலிலேயே குடியிருக்கும் எங்கள் ஊரில்கூட, சென்ற வருஷம் விழா மேடையில் நங்கூரத்தைத் தலைகீழாக மாட்டினார்கள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை.

கருங்கடலில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பல் மூழ்கியதை நீயும் பார்த்திருப்பாய். மாலுமிகள் சங்கத்தில் சீட்டாட்டம் நின்றது. தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் கையில் குச்சியுடன், கப்பல் எங்கே தவறு செய்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கால் நனையாமல் வளர்ந்தவர் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. சத்தம் கேட்காதது எனக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் ஆட்களில் யாரும் யார் பக்கம் என்று பேசவில்லை. அங்கே தண்ணீர் இப்போது எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். உதடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ அதையெல்லாம் அதிகம் பார்க்காதே.

எலிசேயோ


சான் எவாரிஸ்தோ
5 மே 2022

அன்புள்ள அத்தானுக்கு,

நலமே. உப்புத் தண்ணீர் வைத்தேன். முழங்கால் பழையபடியே இருக்கிறது, தோல் மட்டும் சுத்தமாகியிருக்கிறது. அக்காவுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

முந்தாநாள் எடுவிகிஸ் அம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். யார் வீட்டையும் தேடி வருகிறவள் அல்ல. உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"டிவியில பாத்தேன் தம்பி. அந்த ஊரு அம்மாங்க போனைப் புடிச்சுக்கிட்டு, எம்புள்ள எங்கன்னு கேக்குறாங்க. அவங்களுக்கும் 'காணவில்லை'ன்னுதான் சொல்லியிருக்காங்க. எனக்குச் சொன்ன அதே வார்த்தை."

"ஆமாம்மா."

"அவங்க கத்துறாங்க. நான் கத்தல. ஏன் கத்தலன்னு தெரியுமா? பவுலினோ வந்து சொன்னான். அவன் நிகனோரோட ஒரே தெப்பத்துல இருந்தவன். மீட்புக் கப்பல் வர்ற வரைக்கும் தெப்பத்துல பேரு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம், யாரும் தூங்கிடக் கூடாதுன்னு. கூப்பிட்டப்பல்லாம் நிகனோர் பதில் சொன்னானாம். கடைசி வரைக்கும். பதில் சொன்னவன் எப்படிக் காணாமப் போவான்? வேற ஏதோ கப்பல் ஏத்திக்கிட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். சிலி ஆஸ்பத்திரியில பேரு மறந்து கெடப்பான்னு நெனச்சேன்."

"இப்ப என்ன நெனைக்கிறீங்க?"

"இப்ப எனக்கு எம்பத்தெட்டு வயசு. டாக்டரு நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுட்டு, தந்தி வந்தவரு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டாரு. நான் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும் தம்பி. பவுலினோவும் செத்துட்டான். பேரு கூப்பிட்டது யாரு?"

நான் வேறு தெப்பத்தில் இருந்தேன். அந்தத் தெப்பத்துக்குத் தலைமை நீங்கள். எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பவுலினோ அவளிடம் சொன்னதை அந்தக் காலத்திலேயே எழுதினேன், அதன்பின் நாம் இதைப் பேசியதில்லை. நீங்கள் சொல்வதை அப்படியே அவளிடம் சேர்க்கிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல்.

அன்புடன்,
ஒக்தாவியோ


புன்தா அல்தா
30 ஜூன் 2022

அன்புள்ள மச்சான்,

நலம். தாமதத்துக்குத் தபால்தான் காரணம். இங்கே கடுங்குளிர். அடுப்புக்கு விறகு கிடைக்கிறது, விலையைத்தான் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்கிறார்கள். உன் அக்கா எனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னினாள். கை ஒன்று நீளம். என் கைதான் குட்டை என்கிறாள்.

சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். அலுவலகப் பிரிவில் இருந்தவர். கடலை நாட்காட்டியில் பார்த்திருக்கிறார். முதல் வேலையாகக் காபி இயந்திரத்தை மாற்றினார். பழையதில் காபியாவது வந்தது.

பின்புறச் செர்ரி மரத்தை வெட்டிவிட்டேன். வேர் தண்ணீர்க் குழாய்க்குள் போய்விட்டது.

எடுவிகிஸ் அம்மாளுக்கு இதயக் கோளாறு என்றால் உப்பைக் குறைக்கச் சொல்.

எலிசேயோ


சான் எவாரிஸ்தோ
18 ஜூலை 2022

அத்தானுக்கு,

உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. செர்ரி மரத்தின் நலமும் அறிந்தேன்.

அவள் உப்பைக் குறைத்துவிட்டாள். அடுத்து என்ன சொல்லட்டும்?

இரண்டு முறை வந்தாள். முதல் முறை "கடிதாசி வந்துச்சா?" என்றாள். இரண்டாம் முறை ஒன்றும் கேட்கவில்லை. நான் மாத்தேத் தேநீர்க் கோப்பையை நீட்டினேன், வாங்கி உறிஞ்சிவிட்டுப் போனாள். இரண்டாம் முறைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வரி போதும்.

ஒக்தாவியோ


புன்தா அல்தா
4 செப்டம்பர் 2022

என் தம்பி ஒக்தாவியோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நல்லபடி இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நான் இருக்கிறேன்.

இதை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல முடியாது. அவர் காது கேட்காதவர், ஆனால் என் உதட்டை முப்பது வருஷமாகப் படித்துத் தேர்ந்தவர். அடுத்த அறையிலிருந்து கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எங்கள் வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

உன் ஜூலைக் கடிதம் வந்ததிலிருந்து அவர் தூங்குவதில்லை. மேசையில் தாளை வைத்துக்கொண்டு உட்காருவார். "அன்புள்ள மச்சான், நலம்" என்று எழுதுவார். நிறுத்திவிடுவார். அடுப்புக்குள் அப்படி எத்தனை "நலம்" போயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

நிகனோர் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். குளிரில். இவர் மடியில். தெப்பத்தில் இருந்தவர்கள் எல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். ஒருவன் போனது தெரிந்தால் மற்றவர்களும் கண்ணை மூடிவிடுவார்கள் என்று இவருக்குப் பயம். அதனால் பெயர் கூப்பிடும்போது நிகனோர் பெயரையும் விடாமல் கூப்பிட்டார். குரலை மாற்றி அவரே "ஆஜர்" என்றும் சொன்னார். மறுநாள் மீட்புக் கப்பல் வரும்வரை அப்படியே. கூடாரத் துணிக்கு அடியில் குனிந்து கிடந்த பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. மீட்கும்போது உயிரோடு இருப்பவர்களை முதலில் ஏற்றினார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அலை தெப்பத்தை அவனோடு கொண்டுபோய்விட்டது.

பவுலினோ அந்தம்மாவிடம் போய் என்ன சொன்னான் என்று எண்பத்து மூன்றாம் வருஷம் நீதான் எழுதினாய். அந்தக் கடிதம் வந்த அன்றுதான் எனக்குச் சொன்னார். "அந்தம்மா காத்திருக்கிறது என் குரலை நம்பித்தான்டி" என்றார். அதோடு சரி. ஒரு வருஷம் உன் விழாவுக்கு வரப் புறப்பட்டு, பாதி வழியில், ரொசாரியோ நகரத்திலிருந்து, வயிற்றுவலி என்று திரும்பிவிட்டோமே, அவர் வயிறு நன்றாகத்தான் இருந்தது.

இனி நீ என்ன செய்ய வேண்டுமோ செய். அழைத்தார்கள், என் முறை வந்துவிட்டது.

உன் அக்கா,
இர்மா


சான் எவாரிஸ்தோ
12 அக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். முடி நன்றாக வெட்டியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் எடுவிகிஸ் அம்மாளின் தெரு வழியாகப் போகாமல் சுற்றினேன். கடைசியில் மீன் சந்தையில் அவளே பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன், அவள் வீட்டில் உட்கார்ந்து, முழுவதும்.

அழவில்லை. கைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"உன் அத்தானுக்குக் காது எப்பப் போச்சு?" என்றாள்.

"குண்டு வெடிச்சப்ப பாதி போச்சும்மா. மீதி அப்புறம்."

"அப்ப தெப்பத்துல அவருக்குச் சரியாக் கேக்காது."

"பாதிதாம்மா கேக்கும்."

"புயலு வேற. பாதிக் காது. எம்புள்ள மெதுவாப் பேசுறவன். அவன் பதில் சொன்னது அவருக்குக் கேக்காமப் போயிருக்கும். செத்துட்டான்னு அவரா நெனச்சுக்கிட்டாரு." எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அங்கிருந்தே, "பாவம், நல்ல மனுஷன்தான்," என்றாள்.

அக்கா, கடற்படை விசாரணைக் குழுவில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை. உன்னிடமும் இருக்காது. இருக்கிற ஒருவர் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் முன்னைவிட நன்றாக நம்புகிறாள் இப்போது. முகமும் முன்னைவிட மோசமாக இருக்கிறது.

உன் தம்பி,
ஒக்தாவியோ


புன்தா அல்தா
22 டிசம்பர் 2022

மச்சான்,

நலம் விசாரிப்பதை இந்த முறை பிறகு வைத்துக்கொள்வோம்.

நாம் கால்பந்து உலகக் கோப்பை வென்ற அன்று ஊரே தெருவில் நின்றது. எனக்குச் சத்தம் இல்லாமல் தெரிந்தது: ஒரு நாடே வாயைத் திறந்து அழுகிறது, கட்டிப்பிடிக்கிறது. வாய் திறந்திருக்கும் பிள்ளைகளை அவ்வளவு நேரம் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் வந்தேன். என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் நீ இர்மாவுக்கு எழுதிய கடிதம் இருந்தது. அவள் எதையும் தவறுதலாக ஓரிடத்தில் வைக்கிறவள் அல்ல.

இரண்டு பேரிடமும் கோபம் இருந்தது. நாலு நாளில் தீர்ந்துவிட்டது.

அவள் கேட்டது சரியான கேள்வி. பதில் இது. அப்படியே படித்துக் காட்டு.

அம்மா, உங்கள் பையனுக்குக் கையுறை இல்லை. அவன் வலது கையை என் சட்டைக்குள் விட்டு, என் அக்குளில் வைத்துக்கொண்டேன். எனக்குச் சரியாகக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். அதனால் பெயர் கூப்பிடும்போது வாயாலும் சொல்வான், விரலாலும் என் விலாவைத் தட்டுவான். ஒரு முறை சிரித்துக்கொண்டே கிச்சுக்கிச்சு மூட்டினான். பிறகு தட்டுவது மெதுவானது. பிறகு விரல் அசைந்தது மட்டும். பிறகு இல்லை. எனக்குக் காது தேவைப்படவில்லை. அந்தக் கையை நான் மறுநாள் வரை வெளியே எடுக்கவில்லை. அது சூடாகவில்லை.

மச்சான், அந்தத் தெப்பத்திலிருந்து மற்ற எல்லாரும் உயிரோடு ஏறினார்கள். அதை அவளிடம் ஆறுதலாகச் சொல்லிவிடாதே. அது ஆறுதல் இல்லை.

எலிசேயோ


சான் எவாரிஸ்தோ
23 ஜனவரி 2023

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வெயிலில் தார் உருகுகிறது, மற்றபடி சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"கிச்சுக்கிச்சு மூட்டினானா?" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருக்காரு."

"அவன்தான்," என்றாள். "சாப்பாட்டு மேசையில தங்கச்சிய அப்படித்தான் பண்ணுவான். அடி வாங்குவான்." எழுந்து அந்த மேசையைத் துடைத்தாள். 

பிறகு, "ஒம்போது நாள் ஜெபம் வைக்கணும்," என்றாள். "உசுரோட இருக்கறவனுக்கு வைக்கக் கூடாதுன்னு வைக்காம இருந்தேன்."

பங்குச் சாமியாரிடம் கூடவே போனேன். அவர் இளைஞர், எல்லாவற்றையும் யோசிப்பவர். உடல் கிடைக்காத நிலையில், இத்தனை வருஷம் கழித்து, ஆயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

"நான் அனுமதி கேக்க வரல சாமி. நாற்காலி கேக்க வந்தேன். கோயில்ல நெறைய இருக்கே."

நாற்காலி கிடைத்துவிட்டது. ஜெபம் மார்ச் மாதம், வெயில் தணிந்ததும். உங்களை வரச் சொல்கிறாள். சாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஜெபத்துக்கும் இருக்க வேண்டுமாம். அவருக்குக் காது கேட்காதே என்றேன்.

"ஜெபம் பண்றது அவருகிட்ட இல்லையே," என்றாள்.

ரொசாரியோவில் வயிறு வலிக்காது என்று நம்புகிறேன்.

ஒக்தாவியோ


சான் எவாரிஸ்தோ
21 மார்ச் 2023

அன்புள்ள இர்மாவுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்ததை ஒக்தாவியோ தொலைபேசியில் சொல்லியிருப்பான், நீ அவனைப் பேச விட்டிருந்தால். நான் நலம். மாத்திரையை மறக்கவில்லை. நீ தனியாக வாயு அடுப்பைத் தொடாதே, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடு.

வந்த அன்று எடுவிகிஸ் அம்மாள் வீட்டு வாசலில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்தேன். அவள் சொல்ல விடவில்லை. கிட்டே வந்து என் சட்டையை, கைக்கு அடியில், தொட்டாள். "இங்கயா?" என்று உதடு அசைந்தது. தலையாட்டினேன். கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. இரண்டில் எது நடந்திருந்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

ஒன்பது நாளும் தெரு முழுக்க வந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, படம், மெழுகுவத்தி. பெண்கள் ஜெபித்தார்கள். எனக்கு உதடுகள் மட்டும். எல்லா உதடுகளும் ஒன்றாகக் குவியும்போது அவன் பெயர் வருகிறது என்று இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டேன். நகரத் தலைவர் ஒரு நாள் புகைப்படக்காரருடன் வந்தார். ஹசிந்தோ அவர் கையில் ஒரு தட்டு ரொட்டியைக் கொடுத்து, "பரிமாறுங்க தலைவரே, இங்க எல்லாரும் வேலை செய்யணும்," என்றானாம். பரிமாறினார். படம் எடுக்க மறந்துவிட்டார்கள்.

நேற்று மேசையைக் கலைத்தார்கள். நாற்காலிகளைக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம்.

இந்த ஊரில் மதியத் தூக்கம் சட்டத்தைவிடப் பெரியது. நாய்கூடத் தெருவில் நடக்காது. இவள் மட்டும் எண்பத்திரண்டாம் வருஷத்துக்குப் பிறகு மதியம் படுத்ததில்லை என்று ஒக்தாவியோ சொன்னான். தெற்கிலிருந்து வரும் பஸ் அந்த நேரத்தில்தான் வருமாம். இன்று சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது தூங்குகிறாள். தோள் ஏறி இறங்குவது இங்கிருந்து தெரிகிறது.

வெள்ளிக்கிழமை புறப்படுவேன். அவளுக்கு இன்னும் இரண்டு நாள் நான் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அவள் கேட்கவில்லை.

வாசலருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாராவது வந்து தட்டினால் எனக்குக் கேட்காது. அதனால் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

உன்
எலிசேயோ